மஞ்சள் ரேட்டு

மயிலம்மாளுக்கு இந்தியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வந்ததில்லை. அப்படிப்பட்டவளை, முட்டை அட்டையும் கையுமாக நின்றவளை, அந்தத் திங்கட்கிழமை காலையில் கூரையிலிருந்து ஒரு குரல் இந்தியில் அதட்டியது.

“ஜல்தி கரோ! ஜல்தி கரோ!”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேஜைக்கு மேலே தொங்கிய கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு அவளையே முறைத்துக்கொண்டிருந்தது. பக்கத்து மேஜையில் நின்ற உண்ணாமலைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“யக்கா, மேல இருக்கறவன் உன்னய வடக்கத்திக்காரின்னு முடிவு பண்ணீட்டானாட்ட இருக்குது!”

“அவன் வாயில மண்ண அள்ளிப் போட” என்றாள் மயிலம்மாள்.

மேலே இருக்கிறவன் என்றால் கடவுள் இல்லை. கடவுளுக்காவது எப்போதாவது கண் அயரும். இது கந்தவேல் முதலாளியின் மகன் கௌதமன் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வந்து மாட்டிய ஏஐ கேமரா. புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே போகும் சாலையில் இருக்கிறது கந்தவேலின் கோழிப்பண்ணை. அங்கே முட்டையைப் பார்த்துப் பிரித்து, அட்டையில் அடுக்கி, பெட்டியில் வைத்து லாரிக்கு அனுப்பும் கூடம்தான் பெண்கள் வேலை செய்யும் இடம். யார் எத்தனை பெட்டி கட்டினார்கள், யார் கை நின்றது, யார் தண்ணீர் குடிக்கப் போனார்கள் என்று எல்லாவற்றையும் கேமரா பார்த்துச் சுவரில் இருக்கும் பெரிய டிவியில் போடும். கை கொஞ்சம் தளர்ந்தால் சீக்கிரம் செய் என்று குரல் கொடுக்கும். ஊர்ப் பெண்களுக்கு நீல ஏப்ரன், தமிழ்க் குரல். ஜார்க்கண்டிலிருந்து ஆள் பிடிக்கும் மேஸ்திரி கூட்டி வந்த பெண்களுக்கு மஞ்சள் ஏப்ரன், இந்திக் குரல். முகக்கவசமும் தலைத்தொப்பியும் போட்ட பிறகு முகம் எங்கே தெரிகிறது? அதனால் மேலே இருக்கிறவன் ஏப்ரனின் நிறத்தைப் பார்த்துத்தான் ஆளைப் பிரிப்பான்.

போன வாரம் ஊர் மாரியம்மனுக்குப் பூச்சாட்டி, கம்பம் நட்டு நோன்பு தொடங்கியாகிவிட்டது. மயிலம்மாள் இந்த வருடம் பூவோடு எடுக்கிறாள். நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்தி ஊரைச் சுற்றுகிற வேண்டுதல் அது. காப்புக் கட்டியவர்கள் மஞ்சள் சேலைதான் உடுத்துவார்கள். நீலமோ கறுப்போ மேலே பட விட மாட்டார்கள். நோன்பு வாரத்தில் ஊர்ப் பெண்களுக்கு ஏப்ரன் வேண்டாம் என்பது கந்தவேல் தானே வைத்த வழக்கம். அவரும் அதே மாரிக்குக் காப்புக் கட்டுகிறவர்தானே. ஆனால் கேமரா வந்தது ஐப்பசியில். பங்குனியில் ஊரே மஞ்சளாகும் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த வாரம் முழுக்கக் கூடத்தில் ஒரே கூத்து. குரல் ஜல்தி கரோ என்று கத்த, உண்ணாமலை “நீ கரோ, உங்கொப்பன் கரோ” என்று பதில் கொடுத்தாள். புதன்கிழமை கௌதமனே வந்தான். மஞ்சள் வேட்டி, மஞ்சள் சட்டை, கையில் காப்பு. ஆறாம் மேஜையில் சாய்ந்துகொண்டு ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தவனையும் வேலை செய் என்று கூரை விரட்டியது.

“காம் கரோ! காம் கரோ!”

டிவியில் ஆறாம் மேஜைக்கு நேராக, ‘கான்ட்ராக்ட் ஆள், பெட்டி பூஜ்யம், சும்மா நிற்கிறார்’ என்று சிவப்பில் மின்னியது. கூடமே வெடித்துச் சிரித்தது. எதிர் வரிசையில் மஞ்சள் ஏப்ரனில் நின்ற சுக்மதி முகக்கவசத்தைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மயிலம்மாளும் அவளும் ஒன்றையே பார்த்துச் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

உள்ளதைச் சொல்ல வேண்டும். மயிலம்மாளுக்கு மஞ்சள் ஏப்ரன்காரிகளைக் கண்டால் ஆகாது. ‘இவளுங்க வந்த நாள்ல இருந்து நம்ம கூலி ஏறல’ என்பது அவள் தினமும் மெல்லும் வெற்றிலை. பொங்கலுக்கு முன் ஊர்ப் பெண்கள் பெட்டிக்குக் கூலி ஏற்றிக் கேட்டபோது கந்தவேல் கையை விரித்தார். “நான் என்னத்த பண்றது சாமி? இந்தக் கூலிக்கே வேல ஓடுதுன்னு கம்ப்யூட்டரு சொல்லுது. அது ஒத்துக்க மாட்டேங்குது.” மஞ்சள்காரிகளுக்கும் இதே கூலிதான், போதாததற்குத் தங்க இடமும் அரிசியும் வேறு என்று மேஸ்திரி காதில் ஊதிவிட்டான். அதே மாதம்தான் கந்தவேல் மூன்றாவது பண்ணையை வாங்கினார். அதை மட்டும் கம்ப்யூட்டர் ஒத்துக்கொண்டது போலிருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் கூலி ஃபோனில் வந்து விழுந்தது. மயிலம்மாள் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மூன்றில் ஒரு பங்கைக் காணோம்.

“உண்ணாமல, உனக்கு?”

“எனக்கும் அப்படித்தானுங்கக்கா. எவளுக்கும் முழுசா வரல.”

கூட்டமாக ஆபீஸ் அறைக்குப் போனார்கள். கௌதமன் ஃபோனை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

“அடடா. ஒண்ணுமில்லீங்கக்கா. நோம்புக்கு நீங்கெல்லாம் மஞ்சச் சேலையில வந்தீங்கல்ல? மிஷினு உங்களக் கான்ட்ராக்ட்னு நெனச்சு அந்த ரேட்டப் போட்டுருச்சு. ராத்திரிக்குள்ள சரி பண்ணிப் போடறேன். போங்க.”

பிள்ளை வெள்ளந்தியாகத்தான் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. அதற்குள் மயிலம்மாள் மேஜையில் கையை ஊன்றிவிட்டாள்.

“என்ன ரேட்டு தம்பி?”

“அது... கான்ட்ராக்ட் ரேட்டுங்க.”

“அவங்களுக்கும் நம்ம கூலிதான்னு மேஸ்திரி சொன்னானே. அதே முட்டை, அதே அட்டை, அதே பெட்டி. மஞ்சளக் கட்டுனா மூணுல ஒரு பங்கு எங்க போகுது?”

அவன் படித்தவர்களுக்கே உரிய பொறுமையோடு விளக்க ஆரம்பித்தான். கான்ட்ராக்ட் ஆட்களில் பாதிப் பேர் அடிக்கடி மாறுவார்கள், ஒவ்வொருத்தர் பேருக்கும் ரேட் போட்டுக் கட்டுப்படியாகாது, ஏப்ரன் நிறத்துக்குப் போட்டால் சுலபம். இந்தக் கூடத்தில் குறைந்த கூலிக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்று பார்த்துத்தான் மிஷின் மற்றவர்கள் ரேட்டையும் சொல்லும். அதில் யாருக்கும் ஓரவஞ்சனை கிடையாது, எல்லாம் கணக்கு.

மயிலம்மாளுக்கு இப்போதுதான் எல்லாம் பிடிபட்டது. கணக்காம், கணக்கு. மஞ்சள்காரிகளைக் காட்டி ஊர்ப் பெண்கள் கூலியை அமுக்கியிருக்கிறான் முதலாளி. ஊர்ப் பெண்கள் துரத்துவார்கள் என்று மிரட்டி அவர்களை அடக்கியிருப்பான். இரண்டுக்கும் நடுவில் விழுந்ததை அள்ளிப் பண்ணை வாங்கியிருக்கிறான். இத்தனை நாளும் தான் வைத வசவெல்லாம் ஆள் மாறிப் போய் விழுந்ததை நினைத்தபோது அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கம் வந்தால் மயிலம்மாளுக்குக் கோபம் இரட்டிப்பாகும். அது அவள் சுபாவம்.

விஷயம் கந்தவேலின் காதுக்குப் போய்விட்டது. அவர் வந்து, மற்றவர்களை அனுப்பிவிட்டு மயிலம்மாளை மட்டும் நிறுத்திக்கொண்டார். உட்காரச் சொன்னார். அதுவே புதுசு.

“அம்மணி, உனக்குக் கூலி முழுசா வந்துரும். அதுவுமில்லாம, கூடத்தப் பாத்துக்க ஒரு ஆளு வேணும். நின்னு நின்னு உனக்கு முட்டி தேஞ்சு போச்சுன்னு எனக்குத் தெரியாதா? டிவிக்குக் கீழ ஒரு சேரப் போட்டு உக்காந்துக்க. மாசச் சம்பளம். இந்த ரேட்டுப் பேச்சு மட்டும் அந்த வடக்கத்திப் புள்ளைங்க காதுக்குப் போகக் கூடாது. என்ன சொல்ற?”

முட்டி என்றதும் முட்டி வலித்தது. இரண்டு வருடமாக இரவில் தவிட்டு ஒத்தடம் கொடுத்துத்தான் தூங்குகிறாள். ஒரு நாற்காலி என்பது அவளுக்குச் சின்ன விஷயம் இல்லை. அவள் எழுந்தாள்.

“நோம்பு முடியட்டுங்க. திங்கக்கெழம சொல்றேன்.”

வீட்டுக்குப் போனதும் புருஷன் சிவக்குமாருக்கு ஃபோன் போட்டாள். அவன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் லாரியில் சத்தீஸ்கரில் எங்கோ பாறையைக் குடைந்துகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“இதென்னத்த புதுசாக் கண்டுட்ட? இங்க குழாய் எறக்கற எடத்துல எனக்கொரு கூலி, இந்த ஊர்க்காரனுக்கொரு கூலி. எல்லாப் பக்கமும் அப்படித்தான் புள்ள. குடுக்கற சேர்ல உக்காரு. ஊரான் வம்பு உனக்கெதுக்கு?”

“இங்க வந்து நின்னு பாருங்க, எதுக்குன்னு தெரியும்” என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள். அவளுக்குக் கோபம் அவன் மேல் இல்லை. அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான் அவளைக் குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பண்ணைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்குப் போனாள். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் அவள் காலடி பட்டதில்லை. சுக்மதி அடுப்பில் சோறு வைத்திருந்தாள். மயிலம்மாள் சுற்றி வளைக்கவில்லை. தன் வழக்கமான கூலியையும் மஞ்சளுக்கு விழுந்த கூலியையும் ஃபோனில் காட்டினாள். சுக்மதி இரண்டு வருடமாக இங்கே இருப்பவள், கேட்டுக் கேட்டுத் தமிழ் வந்துவிட்டது. பார்த்ததும் அவள் முகம் கறுத்தது.

“மேஸ்திரி பொய் சொன்னாங்க. உங்களுக்கும் இதே கூலிதான்னு சொன்னாங்க. கேட்டா, ஊர்ப் பொம்பளைங்க உங்கள தொரத்துவாங்க, சும்மா இருன்னு சொன்னாங்க.”

“தொரத்தணும்னுதான் நானும் நெனச்சேன்” என்றாள் மயிலம்மாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். விட்டால் அவளுக்குத் தொண்டையில் நிற்கும். “இப்ப நெனைக்கல. நாளைக்கு நான் சொல்றதச் செய்வியா?”

சுக்மதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துவிட்டாள். “சொல்லுங்க” என்றாள்.

மத்தியானம் பூவோடு எடுத்து முடித்து, சாயங்காலம் மஞ்சள் நீராட்டும் ஆனது. பூசாரி வரிசையாகக் காப்பை அவிழ்த்துக்கொண்டே வந்தார். மயிலம்மாளிடம் வந்ததும் அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“எனக்கு இன்னும் முடியலைங்க. ஒரு வேண்டுதல் பாக்கி இருக்குது.”

பூசாரி அவளை விசித்திரமாகப் பார்த்தார். வேண்டுதல் என்று சொன்ன பிறகு அவிழ்க்க அவருக்கும் துணிச்சல் இல்லை. பின்னால் நின்ற உண்ணாமலையும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மயிலம்மாள் முன்பே சொல்லிவைத்தபடி, பண்ணையில் வேலை செய்யும் பெண்களில் ஒருத்திகூட அவிழ்க்க விடவில்லை. வரிசையின் மறு கோடியில் காப்பை அவிழ்த்துக்கொண்டு நின்ற கந்தவேல் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வந்திருக்காது.

திங்கட்கிழமை ஊர்ப் பெண்கள் மஞ்சள் சேலையிலேயே வந்தார்கள். ஆணியில் தொங்கிய நீல ஏப்ரன்களை எடுத்தார்கள். தங்கள் மேல் போடவில்லை. மயிலம்மாள் தன்னுடையதைச் சுக்மதியின் தலை வழியே மாட்டி, முதுகுப் பக்கம் முடிச்சும் போட்டுவிட்டாள். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். மஞ்சள் ஏப்ரன்களைச் சுருட்டி மூலையில் வைத்தார்கள். வேலை ஆரம்பித்தது. முட்டை ஓடியது, அட்டை நிறைந்தது, பெட்டி ஏறியது. கொஞ்ச நேரத்தில் கூரை பேச ஆரம்பித்தது. ஜார்க்கண்ட் பெண்களைத் தமிழில் வேகப்படுத்தியது. புதுச்சத்திரத்துப் பெண்களை இந்தியில் விரட்டியது.

கௌதமன் டிவியைப் பார்த்தான். கூடத்தைப் பார்த்தான். தலைகால் புரியாமல் அப்பாவுக்கு ஃபோன் போட்டான். வாசலில் கப்பலுக்குப் போகிற முட்டை லாரி பாதி நிறைந்து நின்றது. மத்தியானத்துக்குள் அது தூத்துக்குடிக்குக் கிளம்பியாக வேண்டும்.

கந்தவேல் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“என்ன வெளையாட்டு இது? நோம்புதான் முடிஞ்சு போச்சல்ல. காப்ப அவுத்து ஏப்ரன மாட்டுங்க.”

“முடியலைங்க மொதலாளி” என்று மயிலம்மாள் கையை நீட்டினாள். “பாக்கி இருக்குது. நீங்க வேணும்னா அவுத்துக்கங்க.”

அவர் கை பாதி தூரம் வந்தது. மாரிக்குக் கட்டிய காப்பை, கட்டியவள் சம்மதம் இல்லாமல் அவிழ்க்க அந்த ஊரில் எவனுக்கு நெஞ்சழுத்தம்? கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“என்னதான் வேணும் உனக்கு? சேரு போடறேன்னு சொன்னனே.”

“சேர நீங்களே வெச்சுக்கங்க. இந்தக் கூடத்துல பெட்டிக்கு ஒரே கூலி. நீலமும் வேண்டா, மஞ்சளும் வேண்டா. எங்க கூலி எதுவோ அதுதான் அவங்களுக்கும்.”

கந்தவேல் சிரித்தார். முப்பது வருடம் முட்டை விலையோடு மல்லுக்கட்டியவர், அவ்வளவு சீக்கிரம் அசைவாரா?

“ஒரே கூலிதான? ஆகட்டும். கௌதமா, எல்லாத்துக்கும் கான்ட்ராக்ட் ரேட்டப் போடு. போன வாரம் இவங்கெல்லாம் அந்த ரேட்டுக்குத்தான கட்டியிருக்கறாங்க? ஒரு பெட்டியும் கொறையல. மிஷினே சொல்லுதே.”

இரண்டு மூன்று பேர் மயிலம்மாளைப் பார்த்த பார்வையில், நல்லாக் கெடுத்தியே என்று எழுதியிருந்தது. இப்படி ஒரு வழி இருக்கும் என்று மயிலம்மாள் யோசிக்கவே இல்லை. கையில் நிறைந்த அட்டை இருந்தது. அதை மெல்ல மேஜையில் வைத்தாள். ஒரு முட்டைக்கும் சேதமில்லை.

“போன வாரம் தெரியாமக் கட்டுனோம். இப்பத் தெரியும். அந்த ரேட்டுக்கு ஒரு முட்டை ஏறாது.”

சுக்மதி தன் அட்டையை வைத்தாள். உண்ணாமலை வைத்தாள். ஒன்றொன்றாகக் கூடம் முழுக்கக் கை நின்றது. டிவியில் எல்லா மேஜையும் சிவப்பானது. கூரைக் குரல் இரண்டு பாஷையிலும் மாறி மாறிக் கத்தி, யாரைத் திட்டுவது என்று புரியாமல் திணறியது. கௌதமன் ஓடிப்போய் அதை நிறுத்தினான். பெல்ட்டில் முட்டைகள் வந்து வந்து முட்டிக்கொண்டு நின்றன.

“திமிரா?” என்றார் கந்தவேல். “மேஸ்திரி! ஊருக்கு ஃபோன் போடு. இருவது பேரு வேணும். நாளைக்கு ரயில் ஏறச் சொல்லு. இவளுக போனா எனக்கு ஆளா கெடைக்காது? கோடிப் பேரு இருக்கறான் அங்க.”

மேஸ்திரி பையில் கை விடுவதற்குள் சுக்மதி ஃபோனை எடுத்துவிட்டாள். மேஸ்திரி ஆள் பிடிக்கிறவன்தான். ஆனால் சுக்மதியின் ஊரில் ஒரு பெண் ரயில் ஏறுவதற்கு முன், ஏற்கெனவே போனவளைக் கேட்காமல் ஏற மாட்டாள். மேஸ்திரியின் வாயை நம்பி யாரும் மூட்டை கட்டுவதில்லை. சுக்மதி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்தின் நடுவில் நின்று பேசினாள். அவர்கள் ஊர்ப் பேச்சு, இந்திகூட இல்லை. மயிலம்மாளுக்கு ஒரு எழுத்துகூட விளங்கவில்லை. மறுமுனையில் ஒரு பெண் குரல் கேட்டது. பிறகு இரண்டு குரல்கள், பிறகு ஒரு கூட்டமே பேசியது. சுக்மதியின் பக்கத்தில் நின்ற இன்னொருத்தியும் தன் ஃபோனை எடுத்தாள். அதற்கடுத்தவளும் எடுத்தாள்.

மேஸ்திரியின் முகம் போன போக்கைப் பார்த்தே கந்தவேலுக்குப் புரிந்திருக்க வேண்டும். இருந்தாலும் கேட்டார்.

“என்னடா சொல்றா?”

“வராதீங்கன்னு சொல்றா மொதலாளி.” மேஸ்திரி கையைப் பிசைந்தான். “இங்க ரெண்டு கூலி வெச்சிருக்கான், ஒண்ணாக்கற வரைக்கும் ஒருத்தரும் ரயில் ஏறாதீங்க, சந்தையில எல்லார்கிட்டயும் சொல்லுங்கன்னு சொல்றா. நான் கூப்பிட்டாலும் வர வேண்டாம்ங்கறா. அந்தப் பக்கம் சரி, சரின்னு சொல்றாங்க.”

வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கந்தவேல் மகனைப் பார்த்தார். பெங்களூரில் வேலை பார்த்த பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மிஷினுக்கு எத்தனையோ தெரியும். ஆனால் யாரும் வராமல் போனால் என்ன ரேட் போடுவது என்று அதற்குத் தெரியாது.

“போட்டுத் தொலை” என்றார் முதலாளி.

“எதப் போடறதுங்கப்பா?”

மயிலம்மாள் குறுக்கே வந்தாள். “தம்பிகிட்டச் சொல்ல வேண்டாங்க. எங்களப் பாத்துச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க, கடைசி மேஜைக்கும் கேக்கட்டும்.”

அவர் தொண்டையைச் செருமினார். அவமானத்தில் காது மடல் சிவந்துவிட்டது. அவளுக்குப் பாவமாக இல்லை. துளிகூட இல்லை.

“மேல் ரேட்டு” என்றார். “எல்லாத்துக்கும் நீல ஏப்ரன் ரேட்டு. இந்த வாரத்துல இருந்து.” சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். மேஸ்திரியும் பின்னாலேயே ஓடினான்.

சுக்மதி ஃபோனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பெண்கள் அட்டைகளைக் கையில் எடுத்தார்கள். உண்ணாமலை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“ஏனுங்கக்கா, இப்ப லாரிக்குப் பயந்து சொல்லியிருக்கறாரு. அடுத்த மாசம் வேறொரு மிஷினக் கொண்டாந்து மாத்திப்புட்டாருன்னா?”

“மாத்துவாரு” என்றாள் மயிலம்மாள், முட்டையை அடுக்கிக்கொண்டே. “மாத்தட்டும். கையை நிறுத்தறது எப்படின்னு இப்ப எல்லாத்துக்கும் தெரிஞ்சு போச்சல்ல.”